பனிக்காலத்தில் வடக்கே காரில்: லாப்லாந்தா, நோர்ட்காப்பா, டெம்ப்ஸ்டரா?

நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பனிக்காலத்தில் வடக்கே காரில் போகலாம் என்று பேச ஆரம்பித்தால், பேச்சு பெரும்பாலும் மூன்று இடங்களில் வந்து நிற்கிறது. பின்லாந்தின் லாப்லாந்து. நார்வேயில் டிராம்சோவிலிருந்து நோர்ட்காப் முனை வரை. கனடாவின் யூகோனிலிருந்து இனூவிக் வரை ஏறிப்போகும் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை. மூன்றும் ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால் போகிற பாதைகள். மூன்றிலும் இரவு வானில் பச்சை ஒளி ஆடும். படங்களை மட்டும் பார்த்தால் எது எந்த நாடு என்றே தெரியாது. அதனால்தான் வாரக்கணக்கில் பேசியும் முடிவு வருவதில்லை.

சாலையில் இறங்கினால் மூன்றும் மூன்று விதம். அழகில் எது மேல் என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் முடிவே வராது. என்னைக் கேட்டால் இரண்டு கேள்விகள் போதும். உங்களிடம் உபரியாக எத்தனை நாள் இருக்கிறது? குழுவில் வழுக்குப் பனியில் பதற்றமில்லாமல் ஓட்டக்கூடியவர்கள் எத்தனை பேர்? இந்த இரண்டுக்கும் உண்மையான பதில் சொல்லிவிட்டால் பாதை பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் பார்க்க வேண்டியது, வண்டி நின்றுபோனால் அடுத்த மனிதர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பது. சாதாரண ஊரில் டயர் பஞ்சரானால் அரை மணி நேர எரிச்சல், அவ்வளவுதான். மைனஸ் 30இல், காற்று வீசும்போது, கைபேசி சிக்னல் இல்லாத இடத்தில் அதே பஞ்சர் வேறு விஷயம். கையுறையைக் கழற்றிய சில நிமிடங்களில் விரல்கள் மரத்துவிடும். ஸ்டெப்னியை மாட்டலாம் என்றால் நட்டைப் பிடிக்கக்கூட முடியாது. பெட்ரோல் பங்க் எத்தனை கிலோமீட்டருக்கு ஒன்று, சிக்னல் எங்கே அறுந்துபோகிறது, எதிரே எத்தனை வண்டி வரும், இந்த மூன்றையும் சேர்த்துத்தான் தனிமையை அளக்க வேண்டும்.

அடுத்தது குளிரின் தன்மை. வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் பார்த்தால் கணக்குத் தப்பும். மைனஸ் 25இல் இறுகிய பனி காய்ந்து கிடக்கும், நல்ல டயர் அதைக் கவ்விக்கொள்ளும். வெப்பநிலை சுழியத்தை ஒட்டி இருக்கும்போது பனிக்கட்டியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும். வழுக்கலிலேயே மோசமான வழுக்கல் அதுதான். ஆகவே குளிர் குறைந்த இடம் ஓட்டுவதற்குச் சுலபமான இடமாக இருக்க வேண்டும் என்பதில்லை. கடுங்குளிருக்கு அதற்கான தொல்லைகள் தனி: பேட்டரியின் திறன் விழும், குளிர்காலத்துக்கென்று தயாரிக்காத டீசல் கூழாகும், ஒவ்வொரு 5–6 டிகிரி இறக்கத்துக்கும் டயரில் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ காற்றழுத்தம் குறையும்.

மூன்றாவது, சாலையை மூடினால் என்ன செய்வீர்கள்? வடக்கில் புயலுக்குச் சாலை மூடுவது சாதாரணம். சுற்றுவழி உண்டா, தங்க இடம் உண்டா, திரும்பும் விமானம் காத்திருக்குமா?

நான்காவது, வாடகை ஒப்பந்தம். பலரும் படிக்காமல் கையெழுத்துப் போடும் அந்தத் தாள்தான் நீங்கள் எந்தச் சாலையில் போகலாம் என்பதையே தீர்மானிக்கிறது.

கடைசியாக, நண்பர்கள். ஐந்து பேர் போனாலும் ஓட்டப்போவது பெரும்பாலும் இரண்டு பேர்தான். மூன்று நாடுகளிலுமே வண்டி வலப்பக்கம் ஓடும். இடப்பக்க ஓட்டத்துக்குப் பழகிய ஒருவர், பனியையும் புதிய பக்கத்தையும் ஒரே நாளில் கற்றுக்கொள்வது கடினம். அவரையும் ஓட்டுநர் கணக்கில் சேர்த்துத் திட்டம் போடாதீர்கள்.

## எந்த மாதம் என்பது மூன்றுக்கும் ஒன்றுதான்

டிசம்பரில் போக ஆசைப்படுகிறவர்கள் அதிகம். ஓட்டுவதற்கு அது மோசமான மாதம். டிராம்சோவில் நவம்பர் கடைசி முதல் ஜனவரி நடு வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வராது. இனூவிக்கில் டிசம்பர் தொடக்கம் முதல் ஜனவரி தொடக்கம் வரை ஏறத்தாழ 30 நாள் இதே நிலை. இன்னும் தெற்கே, யூகோனில் இருக்கும் டாசன் சிட்டியில்கூட டிசம்பர் 21 வாக்கில் பகல் நாலு மணி நேரம்தான். நண்பகலில் நீலமும் இளஞ்சிவப்பும் கலந்த ஒரு மங்கல் வெளிச்சம் இருக்கும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் சாலையோரம் நிற்கும் மான் அந்த வெளிச்சத்தில் கண்ணில் படாது.

மார்ச் 20ஐ ஒட்டி எல்லா இடத்திலும் பகல் பன்னிரண்டு மணி நேரம் ஆகிவிடும். பனி அப்போதும் நிறைய இருக்கும், குளிர் ஓரளவு தணிந்திருக்கும். துருவ ஒளிக்கும் அது நல்ல காலம். சம இரவு நாட்களை ஒட்டிப் புவிகாந்தக் கொந்தளிப்பு கூடுவது வழக்கம். பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் இறுதிக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்வதெல்லாம் அந்தக் காலத்தை மனதில் வைத்துத்தான்.

## பின்லாந்தின் லாப்லாந்து: ரொவானியெமி முதல் இனாரி வரை

ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டியிருக்கும் ரொவானியெமியிலிருந்து தேசியச் சாலை 4 நேரே வடக்கே போகிறது. சொடான்குலா 130 கி.மீ., இவாலோ 290, இனாரி ஏறத்தாழ 325. நினைத்தால் ஒரே பகலில் ஓட்டிவிடலாம். மூன்று நாளாகப் பிரித்து ஓட்டுவதுதான் சுகம்.

ஊர் இல்லாமல் 130 கி.மீ.க்கு மேல் எங்கும் போக வேண்டியதில்லை. பிரதானச் சாலையில் சிக்னல் பெரும்பாலும் கிடைக்கும். பனி அகற்றும் வண்டிகள் விடியும் முன்பே ஓடத் தொடங்கிவிடும். ஆனாலும் தார் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். கடுங்குளிரில் உப்பு வேலை செய்யாது. சாலை இறுகிய வெண்பனியாகவே இருக்கும். அது பயப்பட வேண்டியதில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை, சாலை நிலைமைக்குத் தேவைப்பட்டால் குளிர்கால டயர் கட்டாயம் என்பது அங்கே சட்டம். வாடகை வண்டிகளில் அது ஏற்கெனவே மாட்டியிருக்கும், பல சமயம் ஆணி பதித்த டயராகவே இருக்கும். கோடையில் 100 என்று பலகை வைத்த பல சாலைகளில் குளிர்காலத்தில் 80தான். நிலமும் பெரும்பாலும் சமதளம், வளைவுகள் நீளமானவை. பனியில் முதல்முறை ஓட்டுகிற ஒருவர் பழகிக்கொள்ள இதைவிடப் பொறுமையான சாலை இந்த மூன்றில் இல்லை.

ஆபத்து என்றால் ரெயின்டீர் மான்கள். அவை காட்டு விலங்குகள் என்று நினைப்போம். அங்கே ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் உண்டு. மோதிவிட்டால் 112ஐ அழைத்துச் சொல்வது சட்டப்படி கடமை. ஒன்று சாலையைக் கடந்தால் பின்னால் இன்னும் நாலு வரும் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள். மூஸ் மான் இதைவிட ஆபத்தானது. நெடிய கால்கள் என்பதால் மோதினால் உடல் முழுதும் முன்கண்ணாடியில் வந்து விழும். விடியலிலும் அந்தியிலும் சாலையோரத்தில் ஒரு கண் இருக்கட்டும்.

குளிரைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. கித்திலாவின் போக்கா என்ற சிற்றூரில் 1999 ஜனவரியில் மைனஸ் 51.5 டிகிரி பதிவாகியிருக்கிறது. பின்லாந்தின் மிகக் குறைந்த வெப்பநிலை அதுதான். அதற்கேற்ற ஏற்பாடுகளும் நாடு முழுக்க இருக்கின்றன. தங்குமிடங்களின் வண்டி நிறுத்தத்தில் மின் இணைப்புக் கம்பங்கள் வரிசையாக நிற்கும், இன்ஜின் சூடேற்றியை அதில் செருகிவைத்தால் காலையில் வண்டி சட்டென்று கிளம்பும்.

இந்தப் பாதையின் பெரிய பலம், நண்பர்கள் கூட்டத்துக்கு அது பொருந்துகிற விதம். ஐந்தாறு பேர் தங்கும் மரவீடு, அதற்குள்ளேயே ஒரு சவுனா (சூடேற்றிய வியர்வைக் குளியலறை), வெளியே உறைந்த ஏரி. ஓட்டிக் களைத்து வந்து சேர்ந்த பிறகு மாலை முழுக்க ஒன்றாக உட்கார்ந்து பேசலாம். இனாரியில், இந்த வடநிலத்தின் பூர்வகுடிகளான சாமி மக்களின் வாழ்வைச் சொல்லும் சியிடா அருங்காட்சியகத்துக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். சாமி நாடாளுமன்றம் இயங்கும் சாயோஸ் கட்டடமும் அதே ஊரில்தான். இந்த நிலம் ஆளில்லாத வெற்றுவெளி என்ற நினைப்பு அங்கே போனால் மாறிவிடும்.

மறைந்திருக்கும் செலவுகள்: மரவீட்டு வாடகையில் படுக்கை விரிப்பும் கடைசிநாள் சுத்தம் செய்யும் கட்டணமும் பல சமயம் சேராது. பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை மூன்று வாரம் நாட்டின் பகுதிகளுக்கு மாறி மாறிப் பள்ளிக் குளிர்கால விடுமுறை. அப்போது வாடகை ஏறும், இடமும் கிடைக்காது. நாய் வண்டி, ஸ்னோமொபைல் எல்லாம் ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படும். ஐந்து பேருக்குப் பெருக்கினால் கார் வாடகையை எட்டிவிடலாம்.

குறை என்று சொன்னால் ஒன்று உண்டு. பிரதானச் சாலையிலேயே இருந்தால் காடு ஜன்னலுக்கு வெளியேதான் இருக்கும். உண்மையான வனாந்தரம் வேண்டுமென்றால் இவாலோவுக்குச் சற்று முன்பு வரும் சாரிசெல்காவில் வண்டியை நிறுத்திவிட்டு, பனிக்காலணியோ ஸ்கீயோ மாட்டிக்கொண்டு உர்ஹோ கெக்கோனென் தேசியப் பூங்காவுக்குள் போக வேண்டும். அங்கே யாரும் இலவசமாகத் தங்கக்கூடிய திறந்த குடில்கள் உண்டு. காரிலிருந்து இறங்கத் தயாராக இருக்கிற குழுவுக்குத்தான் லாப்லாந்து தன் முழு முகத்தைக் காட்டும்.

## வடக்கு நார்வே: டிராம்சோ முதல் நோர்ட்காப் வரை

காட்சிக்கு இதை மிஞ்ச முடியாது. ஒரு பக்கம் உறையாத கடல், மறுபக்கம் நீரிலிருந்து நேரே எழும் வெண்மலை. டிராம்சோவிலிருந்து அல்டா வரை ஏறத்தாழ 400 கி.மீ., நடுவில் படகுத்துறைகள் வழியாகப் போனால் நூறு கிலோமீட்டர் குறையும். அல்டாவிலிருந்து நோர்ட்காப் இன்னும் 240 கி.மீ. போல.

கடல் உறையாததற்குக் காரணம் வடக்கு நோக்கி வரும் வெதுவெதுப்பான அட்லாண்டிக் நீரோட்டம். அதே நீரோட்டம்தான் ஓட்டுநருக்குத் தலைவலியும். கரையோர வெப்பநிலை பல நாள் சுழியத்தைச் சுற்றியே ஆடும். காலையில் மழை, மாலையில் உறைவு, இரவில் அதன் மேல் புதுப்பனி. சாலை குறுகல், வளைவுகள் கூர்மையானவை, ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஃபியோர்டு, அதாவது மலைகளுக்கு நடுவே புகுந்த கடல். குளிர்ந்த வண்டியோடு கதகதப்பான சுரங்கத்துக்குள் நுழைந்த கணத்தில் முன்கண்ணாடி முழுக்க ஆவி படியும். நுழையும் முன்பே கண்ணாடிக்குச் சூடான காற்றைத் திருப்பிவிடுங்கள். லாப்லாந்தில் சமாளித்த ஒருவர் இங்கேயும் சமாளிப்பார் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

நார்வேக்கென்று ஓர் ஏற்பாடு இருக்கிறது, தெரிந்துகொண்டு போனால் பயமில்லை. மலைச் சாலையில் காற்று மிஞ்சினால் தடையை இறக்கிவிட்டு, பனி அகற்றும் வண்டியின் பின்னால் வரிசையாக அழைத்துப் போவார்கள். நோர்ட்காப்புக்குப் போகும் கடைசி 13 கி.மீ., ஸ்கார்ஸ்வோக் சந்திப்பிலிருந்து முனை வரை, குளிர்காலம் முழுக்க இப்படித்தான். குறித்த நேரத்துக்கு வந்து வரிசையில் நிற்க வேண்டும். காற்று அதிகமானால் அன்றைக்குப் பயணமே கிடையாது. அல்டாவுக்கு வடக்கே சென்னாலாண்டெட் மேட்டுநிலமும் அடிக்கடி மூடப்படும் இடம். அதாவது 71 டிகிரி அட்சரேகையில் நிற்கும் அந்தச் செங்குத்துப் பாறையை நோக்கி அவ்வளவு தூரம் போய்விட்டு, கடைசி 13 கி.மீ.க்கு முன்னால் திரும்பி வருகிற சாத்தியம் எப்போதும் உண்டு. 'போனால் முனையைத் தொட்டே தீர வேண்டும்' என்கிற நண்பர் ஒருவர் குழுவில் இருந்தால் அவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புறப்படும் முன் 175 என்ற எண்ணில் சாலை நிலவரம் கேட்கலாம்.

லிங்கன் மலைகளை ஒட்டிய பகுதியில் பனிச்சரிவு இன்னொரு கவலை. தினமும் வெளியாகும் பனிச்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. எச்சரிக்கை உள்ள நாளில் அழகான இடமாயிற்றே என்று சரிவின் கீழே வண்டியை நிறுத்திப் படம் எடுப்பதும் கூடாது.

துருவ ஒளி பற்றி ஒரு வார்த்தை. டிராம்சோ அதற்குப் பேர்போன ஊர். ஆனால் கடலோரம் என்பதால் மேகம் அதிகம். உள்ளூர்க்காரர்கள் மேகத்திலிருந்து தப்பிக்க உள்நாட்டுப் பக்கம், ஸ்கிபோட்ன் பள்ளத்தாக்கு வழியாகப் பின்லாந்து எல்லை நோக்கி ஓட்டுவார்கள். இரவில் இரண்டு மணி நேரம் ஓட்ட ஆள் இருக்கிறதா என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அல்டாவின் பாறைச் செதுக்கல்களைப் பார்க்கலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் கவனிக்க: உலகப் பாரம்பரியச் சின்னமான அவை திறந்தவெளியில் இருக்கின்றன. பனிக்காலத்தில் பனிக்கு அடியில்தான்.

மறைந்திருக்கும் செலவுகள்: உணவகச் சாப்பாடு ஐந்து பேருக்கு என்றால் பட்ஜெட்டையே உடைக்கும், சமையலறையுள்ள வீடு எடுப்பது நல்லது. வேக அபராதம் கடுமை. ஓட்டுநரின் இரத்தத்தில் மதுவுக்கான வரம்பு 0.2 பெர்மில் (ஆயிரத்தில் 0.2 பங்கு), ஏறத்தாழ பூஜ்யம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய இரவின் மிச்சம் காலையில் மாட்டிவிடும். ஈஸ்டர் வாரத்தில் நாடே மலைவீடுகளுக்குக் கிளம்பிவிடும், அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். மின்சாரக் காரிலும் போக முடிகிற பாதை இது. மின்னேற்றும் நிலையங்கள் நிறைய உண்டு. குளிரில் ஓடும் தூரம் நன்றாகவே குறையும் என்பதால் காகிதத்தில் போட்ட தூரத்தை நம்பாதீர்கள்.

## யூகோன்: டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை

இங்கேதான் 'வனாந்தரம்' என்ற சொல்லுக்கு முழுப் பொருள் கிடைக்கிறது. யூகோனின் தலைநகர் ஒயிட்ஹார்ஸிலிருந்து டாசன் சிட்டி 530 கி.மீ. அந்த ஊருக்குச் சற்று முன்பு பிரிந்து வடக்கே 740 கி.மீ. போகிறது டெம்ப்ஸ்டர், இனூவிக் வரை. 369ஆவது கிலோமீட்டரில் ஈகிள் பிளெயின்ஸ் என்ற இடத்தில் ஒரு தங்கும் விடுதியும் பெட்ரோலும் உண்டு. அதற்கு முன்னால் எதுவும் கிடையாது. அதைத் தாண்டினால் ஏறத்தாழ 180 கி.மீ. தள்ளி ஃபோர்ட் மெக்பர்சன். ஆர்க்டிக் வட்டம் 405ஆவது கிலோமீட்டரில். ஊர்களை விட்டால் கைபேசி சிக்னல் இல்லை. பீல், மெக்கன்சி ஆகிய இரண்டு ஆறுகளையும் குளிர்காலத்தில் பனிக்கட்டியின் மேலேயே ஓட்டிக் கடக்க வேண்டும். இனூவிக்குக்கு அப்பால் ஆர்க்டிக் கடற்கரையில் இருக்கும் துக்டோயாக்டுக்குக்கு முன்பெல்லாம் பனிக்காலத்தில் உறைந்த நீரின் மேல்தான் பாதை. 2017 நவம்பரில் 138 கி.மீ. நிரந்தரச் சாலை திறந்த பிறகு அந்தப் பனிப்பாதை போய்விட்டது.

சரளைச் சாலைதான் என்றாலும் பனி இறுகியபின் பல இடங்களில் கோடையைவிட வழவழப்பாக இருக்கும். பிரச்சினை காற்றில் இருக்கிறது. ரிச்சர்ட்சன் மலைகளை ஒட்டிய பகுதியில் காற்று எழும்பினால் பனியை வாரி இறைத்து, வானம் எது சாலை எது என்று தெரியாமல் ஆக்கிவிடும். அப்போது கதவை இறக்கிச் சாலையை மூடுவார்கள். மூடிய கதவைச் சுற்றிப் போக வழியில்லை, போகவும் கூடாது. ஈகிள் பிளெயின்ஸ் விடுதியில் நாள்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. மாற்றுப்பாதை என்ற ஒன்றே இல்லாத சாலை இது. போன வழியேதான் திரும்ப வேண்டும், ஒயிட்ஹார்ஸிலிருந்து போய்வர 2,400 கி.மீ.க்கு மேல்.

சாலையின் பெயருக்குப் பின்னாலேயே இந்த நிலத்தின் இயல்பு இருக்கிறது. 1910 டிசம்பரில் கனடாவின் குதிரைப்படைப் போலீசைச் சேர்ந்த இன்ஸ்பெக்டர் ஃபிட்ஸ்ஜெரால்டும் மூன்று பேரும் ஃபோர்ட் மெக்பர்சனிலிருந்து டாசனுக்கு நாய் வண்டிகளில் கிளம்பினார்கள். வேகமாகப் போய்ச் சேர வேண்டும் என்று உணவைக் குறைத்து எடுத்துப் போனார்கள். வழி தவறியது. திரும்ப முடிவெடுத்தபோது ஜனவரி நடு ஆகிவிட்டது. நாய்களை ஒவ்வொன்றாகத் தின்று நடந்தும் நால்வரில் யாரும் பிழைக்கவில்லை. 1911 மார்ச்சில் அவர்களைத் தேடிக் கண்டுபிடித்த கார்ப்பரல் டெம்ப்ஸ்டரின் பெயர்தான் இன்று சாலைக்கு. இன்றைக்கு ஹீட்டர் போட்ட கார் இருக்கிறது, சரி. ஆனால் ஒரு நாளை மிச்சம் பிடிக்க உபரியைக் குறைக்கிறோம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த நால்வர்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

குளிர் எப்படி? கனடாவிலேயே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை, மைனஸ் 63 டிகிரி, 1947 பிப்ரவரியில் யூகோனின் ஸ்னாக் என்ற இடத்தில். அப்படி ஒரு நாள் உங்களுக்கு அமையாது; மைனஸ் 35 அமையலாம்.

ஆகவே இந்தச் சாலைக்கு என் நிபந்தனைகள் கறாரானவை. இரண்டு வண்டி. ஒன்று படுத்தால் எல்லோரும் ஏறிக்கொள்ள இன்னொன்றில் இடம். செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி. ஆளுக்கொரு கடுங்குளிர் உறக்கப் பை. இரண்டு நாளுக்கான சாப்பாடு. பனி அள்ள மண்வாரி. வண்டி பனியில் புதைந்தால் அதை விட்டு நடக்காதீர்கள். இன்ஜினை ஓடவிடும் முன் புகைக்குழாய் வாயைப் பனியிலிருந்து விடுவியுங்கள், இல்லையென்றால் கார்பன் மோனாக்சைடு உள்ளே ஏறும். மணமே இல்லாத வாயு அது.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேதான் மிகப் பெரியவை. வாடகை நிறுவனங்கள் பலவும் டெம்ப்ஸ்டரைப் பெயர் சொல்லியே தடை செய்கின்றன. தடையை மீறிப் போனால் காப்பீடு செல்லாது. அனுமதிக்கும் உள்ளூர் நிறுவனங்கள் தனிக் கட்டணமும் நிபந்தனைகளும் வைப்பார்கள். கனடாவில் 'எல்லாப் பருவத்துக்கும்' என்ற டயரோடு வண்டியைக் கொடுத்துவிடுவது உண்டு. குளிர்கால டயருக்கான, மலையும் பனித்துகளும் பொறித்த குறி டயரின் பக்கவாட்டில் இருக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். இன்ஜின் சூடேற்றி இருக்கிறதா, அதற்கான ஒயர் கொடுத்தார்களா என்பதும் கேட்க வேண்டியது. பாதி வழியில் வண்டி படுத்தால் இழுவை வண்டி போய்வரும் தூரம் முழுவதற்கும் கட்டணம்; அதைக் காப்பீடு தருமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இந்தச் சாலைக்காக ஏங்குகிறவர்களை எனக்குப் புரிகிறது. டோம்ப்ஸ்டோன் மலைகளின் கரிய முகடுகள், சாலையோரம் பனியைக் கிளறி மேயும் கரிபு மான்கள், மணிக்கணக்கில் வேறு வண்டியே வராத அமைதி. இது வேறெங்கும் கிடைக்காது. முழுச் சாலையும் வேண்டாம், சுவை மட்டும் வேண்டும் என்றால் டாசனில் தங்கி, நல்ல பகலில் 70 கி.மீ. சுமார் உள்ளே டோம்ப்ஸ்டோன் வரை போய்ச் சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம். அதற்கும் வாடகை நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | லாப்லாந்து | நோர்ட்காப் | டெம்ப்ஸ்டர் |
|---|---|---|---|
| ஊர்களுக்கு இடையே | 130 கி.மீ.க்குள் | குறைவு, ஆனால் சாலை மெதுவானது | 369 கி.மீ. வரை |
| குளிர் | கடும், காய்ந்தது | மிதம், ஈரம், வழுக்கல் | மிகக் கடும், காற்று |
| சாலை மூடல் | அரிது | அடிக்கடி, பெரும்பாலும் சில மணி நேரம் | நாள்கணக்கில் ஆகலாம் |
| மாற்றுவழி | உண்டு | சில இடங்களில் | இல்லை |
| நான் வைக்கச் சொல்லும் உபரி நாள் | 1 | 2 | 4 |
| தெம்பான ஓட்டுநர்கள் | 1 போதும் | 2 | வண்டிக்கு 2 |
| வண்டி | ஒன்று | ஒன்று | இரண்டு |

ஐஸ்லாந்தும் அலாஸ்காவின் டால்ட்டன் நெடுஞ்சாலையும் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். ஐஸ்லாந்தின் உள்நாட்டு மலைச் சாலைகள் குளிர்காலத்தில் மூடியே இருக்கும்; ஓட்டக் கிடைப்பது கரையோரம்தான். டால்ட்டன் எண்ணெய் வயல்களுக்குப் போகும் லாரிகளின் சாலை. கோல்ட்ஃபுட்டுக்கும் டெட்ஹார்ஸுக்கும் நடுவே ஏறத்தாழ 385 கி.மீ. எதுவுமே கிடையாது, முடிவிலும் எண்ணெய் வயல் வாசலில் நிறுத்திவிடுவார்கள். நண்பர்கள் உல்லாசமாகப் போகும் சாலை அது இல்லை.

## உங்கள் குழுவுக்கு எது

மொத்தம் ஒரு வாரம், பனியில் ஓட்டியவர் ஒருவர் அல்லது யாருமே இல்லை: லாப்லாந்து. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. குழுவில் குளிர் தாங்காத ஒருவர், வயதான பெற்றோர் யாராவது கூட வருகிறார்கள் என்றாலும் அதே பதில்.

பத்து நாள், ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டு பேர், படம் எடுப்பதில் ஆசை, திட்டம் கலைந்தால் முகம் சுளிக்காத நண்பர்கள்: நார்வே. கடைசிக் குணம்தான் முக்கியம். நோர்ட்காப்புக்கு முந்தைய ஊரான ஹோனிங்ஸ்வோக்கில் காற்று ஓயக் காத்திருக்கும் இரண்டாம் நாளில் ஒருவர் எரிச்சல்பட ஆரம்பித்தால் வண்டிக்குள் ஐந்து பேருக்கும் அது தொற்றும்.

இரண்டு வாரத்துக்கு மேல், ஏற்கெனவே ஒருமுறையாவது சேர்ந்து பனிக்காலப் பயணம் போயிருக்கிறீர்கள், இரண்டு வண்டிக்கும் பணம் இருக்கிறது: டெம்ப்ஸ்டர். முதல் பனிப்பயணமாக யாருக்கும் இதை நான் சொல்ல மாட்டேன், எவ்வளவு நல்ல ஓட்டுநராக இருந்தாலும். அவர்களுக்கு யூகோன்தான் வேண்டும் என்றால் ஒயிட்ஹார்ஸிலிருந்து ஹெய்ன்ஸ் ஜங்ஷன் 155 கி.மீ.; கனடாவின் மிக உயர்ந்த சிகரமான லோகன் அடங்கிய குளுவானி தேசியப் பூங்காவின் ஓரம். அதோடு டாசனையும் சேர்த்தால் ஒரு வாரம் நிறைவாகப் போகும்.

பின்லாந்தும் நார்வேயும் இழுபறியில் நிற்கிறவர்களுக்கு ஒரு நடுவழி இருக்கிறது, எனக்கு மிகப் பிடித்ததும் அதுதான். இரண்டுக்கும் ஒரே ஷெங்கன் விசா. ரொவானியெமியில் வண்டி எடுத்து, முதல் மூன்று நாள் சமதளத்தில் பழகி, இனாரியிலிருந்து காராஷோக் வழியாக நோர்ட்காப்புக்கு ஏறலாம். இனாரியிலிருந்து முனை வரை ஏறத்தாழ 380 கி.மீ. இனாரியில் உட்கார்ந்து வானிலை அறிக்கையைப் பாருங்கள். இரண்டு நாள் காற்று அடங்கியிருக்கும் என்றால் கிளம்புங்கள். இல்லையென்றால் அங்கேயே இன்னும் இரண்டு நாள் சவுனாவும் ஏரியுமாக இருந்துவிட்டுத் திரும்பலாம், யாருக்கும் எந்த இழப்பும் இல்லை. வண்டியை நார்வேக்குள் எடுத்துப் போகலாமா என்பதை மட்டும் வாடகை எடுக்கும்போதே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்.

எதைத் தேர்ந்தாலும், முன்பதிவை வண்டியிலிருந்து தொடங்குங்கள். எந்தச் சாலைக்கு அனுமதி, எந்த டயர், ஓட்டுநர்களாக யார் யார் பெயர், உங்கள் உரிமம் செல்லுமா என்று நாலும் எழுத்தில் வந்த பிறகு தங்குமிடம். விமானச் சீட்டு கடைசியில், தேதி மாற்றக்கூடியதாக.